ஒன்றுக்கு ஒன்று: கம்பம் பள்ளத்தாக்கு ஹாம் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேனி, பெரியகுளம், போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பக்கத்து ஹாம் நண்பர்களுக்கும், பரீட்சை எழுதிவிட்டு வியூ3 அழைப்புக்குறிக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வடுகபட்டியிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் 40 மீட்டர் பட்டையைத் திறந்து வைத்து நம் ஆட்கள் பேசுவதைக் கேட்டால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும். "ஆண்டெனா புதுசாப் போட்டிருக்கேன், எஸ்டபிள்யூஆர் ஒண்ணுக்கு ஒண்ணு." எல்லாரும் வாழ்த்துச் சொல்வோம். பத்து நிமிடம் கழித்து அதே நண்பர், "மதுரைக்காரருக்கே நம்ம குரல் ஏறலை, கண்டிஷன் சரியில்ல போல" என்பார். கண்டிஷன் மேல் பழி போடுவது சுலபம், அது திருப்பிப் பேசாது. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல சமயம் முதல் வாக்கியத்திலேயே இரண்டாவதற்கான காரணம் இருக்கிறது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: ரிக்கிலிருந்து புறப்பட்ட சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண்தான் எஸ்டபிள்யூஆர். 1.5 என்றால் நூற்றுக்கு நாலு பங்கு திரும்புகிறது. 2 என்றால் பதினொன்று. 3 என்றால் கால்வாசி. ஒன்றுக்கு ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை. மீட்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன சக்தி எங்கே போயிற்று என்று அதற்குத் தெரியாது. ஆண்டெனாவிலிருந்து அலையாகக் கிளம்பியிருக்கலாம், வழியிலேயே சூடாகித் தீர்ந்தும் போயிருக்கலாம். சக்தியை வெளியே விடாமல் வெப்பமாகவே தீர்க்கும் 50 ஓம் டம்மி லோடு ஒன்றை மாட்டினால் மீட்டர் அழகாக 1.0 காட்டும். அதை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க்காரரோடுகூடப் பேச முடியாது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், மொட்டைமாடியில் இருப்பதை மட்டும் அந்த எண்ணை வைத்தே மெச்சிக்கொள்கிறோம்.

முதலில் கேபிளிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்தில் நடக்கும் ஏமாற்றத்தில் பெரும்பங்கு அங்கேதான்.

ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபெல் தின்னும். நீங்கள் நூறு மீட்டர் போடப்போவதில்லை, சரி. மூன்றாவது மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே குழாய் நட்டு, அங்கிருந்து கீழ் அறைக்கு இறக்கினால் 30 மீட்டர் ஆகிவிடுகிறது. அதில் 6 டெசிபெல் போயிற்று. நீங்கள் கொடுத்ததில் கால்வாசிதான் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேர்கிறது. இனி வேடிக்கையைக் கேளுங்கள். மேலே ஆண்டெனாவைக் கழற்றி, கேபிள் முனையை அந்தரத்தில் விட்டுவிடுகிறோம் என்று வையுங்கள். முனைக்குப் போன சக்தி முழுவதும் திரும்ப வேண்டும். திரும்புகிறது. போகும்போது 6 டெசிபெல், வரும்போது 6 டெசிபெல், ஆக 12 டெசிபெல் இளைத்துக் கீழே வருகிறது. மீட்டர் அதைப் பார்த்து, எஸ்டபிள்யூஆர் 1.7 என்கிறது. மாடியில் ஆண்டெனாவே இல்லை, மீட்டருக்கோ எல்லாம் சுமுகம்!

அதே கணக்கில், ஆண்டெனாவின் உண்மையான எஸ்டபிள்யூஆர் 3 ஆக இருந்தாலும், 15 மீட்டர் ஆர்ஜி-58 நடுவில் இருந்தால் கீழே 1.7க்குக் குறைவாகத்தான் தெரியும். 40 மீட்டர் பட்டையில் இந்தத் தொல்லை பெரிதில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் அதே கேபிள் நூறு மீட்டருக்கு 4 டெசிபெல் அளவே தின்கிறது. ஆகவே எச்எஃப்பில் பழகிய கையோடு 2 மீட்டருக்கு வருகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கடைத்தெருவில் ஆர்ஜி-58 என்று அச்சிட்டு விற்பதெல்லாம் ஆர்ஜி-58 இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலுறையைச் சீவிப் பாருங்கள். செம்புப் பின்னல் அடர்த்தியாக இல்லாமல் பத்துப் பன்னிரண்டு இழை மட்டும் தளர்வாக ஓடினால், மேலே சொன்ன கணக்கெல்லாம் இன்னும் மோசமாகும்.

இதற்குச் சோதனை ஒன்றுதான், காசு செலவில்லாதது. ஆண்டெனாப் பக்க முனையில் ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை மாட்டுங்கள். கீழே 1.0, மிஞ்சினால் 1.1 வர வேண்டும். அடுத்து அதே முனையைத் திறந்து விடுங்கள். அதன்பின் நடுக்கம்பியையும் பின்னலையும் ஷார்ட் செய்யுங்கள். இதெல்லாம் ரிக்கில் செய்கிற வேலை இல்லை, ஆண்டெனா அனலைசரில் செய்யுங்கள். ஓப்பனிலும் ஷார்ட்டிலும் மீட்டர் முள் எல்லை தாண்டிப் போக வேண்டும். போகாமல் 3இல் நின்றால், உங்கள் கேபிள் ஒரு வழிக்கு 3 டெசிபெல், அதாவது பாதி சக்தியைத் தின்கிறது என்று பொருள். இந்த மூன்று எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கேபிளிலேயே ஒட்டிவிடுங்கள். ஆண்டெனாவைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு தொடங்கலாம்.

ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு, "மழை பெய்ஞ்சதும் எஸ்டபிள்யூஆர் தானாவே நல்லா ஆயிடுச்சு" என்று யாராவது மகிழ்ச்சியோடு சொன்னால், உடனே ஏணியை எடுக்கச் சொல்லுங்கள். பிஎல்-259 இணைப்புக்குள் தண்ணீர் இறங்குவதைத் தடுக்க எதுவும் இல்லை. ஈரம் பின்னலுக்குள் ஏறினால் கேபிளின் நட்டம் கூடுகிறது. நட்டம் கூடக் கூட மீட்டர் எண் அழகாகிறது. போடி, கம்பம் பக்கம் ஆனி ஆடிச் சாரலும் இதே வேலையைச் செய்யும். இணைப்பை நாடா சுற்றி மூடுவதோடு, கேபிளை இணைப்புக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு ஏற்றுங்கள். வழிந்து வருகிற தண்ணீர் அந்த வளையத்தின் அடியிலேயே சொட்டிப் போய்விடும்.

நம்மில் சிலர் கேபிள் டிவி ஆட்களிடம் மிச்சம் வாங்கிய ஆர்ஜி-6ஐப் போட்டிருக்கிறார்கள். தப்பில்லை, நட்டம் குறைந்த கேபிள்தான். ஆனால் அது 75 ஓம். நம் மீட்டர் 50 ஓமுக்கு அடித்தது. அப்பழுக்கில்லாத 50 ஓம் ஆண்டெனாவையே மறுமுனையில் மாட்டினாலும், கேபிள் மின்னளவில் கால் அலைநீளமாக இருந்தால் இந்தப் பக்கம் 112.5 ஓம் தெரியும், மீட்டர் 2.25 சொல்லும். அரை அலைநீளமாக இருந்தால் 50 ஓமே திரும்பத் தெரியும், மீட்டர் 1.0 சொல்லும். ஆண்டெனா அசையவே இல்லை, கேபிள் நீளம் மட்டும்தான் மாறியது. கேபிளை ஒவ்வோர் அடியாக வெட்டி எஸ்டபிள்யூஆரை "இறக்குகிற" வழக்கம் நம்மிடையே பரவியது இதனால்தான். வெட்டுகிறவருக்கு எண் இறங்குகிறது, காற்றில் எதுவும் மாறுவதில்லை.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன்.

கோஆக்ஸ் கேபிளில் இரண்டு கம்பி என்று படித்திருக்கிறோம். ரேடியோ அலைக்கு அது மூன்று. நடுக்கம்பி ஒன்று, பின்னலின் உட்பக்கம் ஒன்று, பின்னலின் வெளிப்பக்கம் ஒன்று. உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் தோலோடு ஓடுவதால் உட்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனி வழிகளாகிவிடுகின்றன. டைபோலின் ஒரு கையை நேராகப் பின்னலில் முடிந்துவிட்டால், அந்தக் கைக்குப் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி வெளிப்பக்கமாக வழிந்து வீட்டுக்குள் இறங்கும். அதன்பின் உங்கள் ஆண்டெனா என்பது மாடியில் கட்டிய 20 மீட்டர் கம்பி மட்டும் இல்லை. கேபிள், ரிக், பவர் சப்ளை, சுவரில் ஓடும் எர்த் வயர், மைக்கைப் பிடித்திருக்கும் நீங்கள், எல்லாம் சேர்ந்துதான் ஆண்டெனா. அந்தக் கூட்டத்துக்கு ஓர் எஸ்டபிள்யூஆர் இருக்கிறது, மீட்டர் அதைத்தான் காட்டுகிறது.

அடையாளம் கண்டுபிடிப்பது கடினமில்லை. அனலைசரைப் பார்த்துக்கொண்டே கேபிளை உள்ளங்கையால் பற்றி நீளவாட்டில் நகர்த்துங்கள். எண் ஆடினால் வெளிப்பக்கத்தில் மின்னோட்டம் ஓடுகிறது. நானோ விஎன்ஏ என்ற சின்ன அனலைசர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. கருவியை அதன் பேட்டரியில் ஒருமுறை, லேப்டாப்போடு யுஎஸ்பி வயரில் இணைத்து இன்னொருமுறை பாருங்கள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விழாவிட்டால், நீங்கள் லேப்டாப்பையும் சேர்த்து அளந்துகொண்டிருக்கிறீர்கள். கேபிளில் இரண்டு மீட்டர் கூட்டியதும் எண் மாறுவதும் இதே கதையாக இருக்கலாம். 50 ஓம் கேபிளில், நட்டத்தால் கொஞ்சம் குறைவதைத் தவிர, நீளத்தைப் பொறுத்து எஸ்டபிள்யூஆர் மாறக் கூடாது. பேசும்போது உதட்டில் மைக் சுருக்கென்று கடிப்பதும், கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் உங்கள் குரலே கரகரப்பதும் அதே குடும்பம்.

மருந்து, ஆண்டெனா மையத்தில் ஒரு சோக் பாலன். 31ஆம் வகை ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துச் சுற்று சுற்றினால் 40 மீட்டருக்குப் போதும். ஃபெரைட் கிடைக்காவிட்டால் கேபிளையே சுருளாகக் கட்டுவதும் உதவும், ஆனால் பட்டைக்குப் பட்டை பலன் மாறும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாலன் போட்டதும் எஸ்டபிள்யூஆர் கூடலாம். 1.1 இருந்த இடத்தில் 1.8 வரலாம். பதறி, பாலனைக் கழற்றி வீசுகிறவர்கள் உண்டு. அந்த 1.8தான் உங்கள் கம்பியின் சொந்த எண். அதற்கு முன் காட்டியது உங்கள் வீட்டின் எண்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று வடக்கே மலைமேல் நிற்கிறது. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் வானம் தெளிந்த நாளில் நின்றால் பெரியகுளமும் வைகை அணையும் கீழே தெரியும். அங்கிருந்து நாம் தெரிகிறோம் என்றால், நம் மாடியிலிருந்து அந்த மலைவிளிம்பும் தெரிகிறது என்றுதானே அர்த்தம். கொடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட்டில் ஒலிக்கிறது. வடுகபட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், தடை இல்லாத பார்வையில் ஒரு சாதாரண ஆண்டெனா அந்த நிலையத்திலிருந்து சில மைக்ரோவாட் வாங்கிக்கொள்ளும். சில மைக்ரோவாட்தானே என்பீர்கள். நானோ விஎன்ஏ வெளியே அனுப்புவதே ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். உங்கள் ஆண்டெனா நன்றாக இருந்து அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் திரும்பினால், திரும்புவது ஒரு மைக்ரோவாட். அதாவது ஆண்டெனா எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு மலைமேல் இருந்து வரும் பாட்டு உங்கள் அளவையை மூழ்கடிக்கப் பார்க்கும். வெறும் டயோடு வைத்து எல்லா அதிர்வெண்ணையும் சேர்த்து வாங்கும் பழைய வகை அனலைசர்கள் கொஞ்சம் அதிகமாகவே அனுப்பும். ஆனால் அவற்றுக்கு எது தன் அலை, எது வானொலி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எத்தனை ட்யூன் செய்தாலும் முள் 1.4க்குக் கீழே இறங்காமல் தவிக்கும். நாம் கம்பியை வெட்டிக்கொண்டே இருப்போம்.

யாகி வைத்திருப்பவர்கள் திருப்பிப் பாருங்கள். கொடைக்கானலை நோக்கினால் ஓர் எண், வைகை அணைப் பக்கம் நோக்கினால் வேறோர் எண் என்றால் சந்தேகப்படுங்கள். பக்கத்தில் தொட்டியோ இரும்புக் கைப்பிடியோ இல்லாத இடத்தில், திசை மாறுவதால் எஸ்டபிள்யூஆர் மாறக் காரணம் இல்லை. தீர்வு சுலபம். ரிக்கையே 5 வாட்டில் அழுத்தி, நடுவில் ஒரு நல்ல வாட்மீட்டரை வைத்து அளந்துவிடுங்கள். 5 வாட்டின் முன்னால் மைக்ரோவாட் எம்மாத்திரம். அனலைசர்தான் வேண்டும் என்றால், தன் அதிர்வெண்ணை மட்டும் குறுகலாக வடிகட்டிக் கேட்கும் வகையை வாங்குங்கள். பிட்எக்ஸ் ரிக்குகளால் நமக்கெல்லாம் அறிமுகமான ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான், வியூ2ஈஎஸ்ஈ, வடிவமைத்த ஆன்டுயினோ அந்த ரகம். நம் நாட்டிலேயே செய்தது என்பது கூடுதல் மகிழ்ச்சி.

சின்னமனூர், கம்பம் நண்பர்களுக்குத் தனியாக ஒரு பத்தி. உங்கள் தோட்டங்களில் கல்தூண் நட்டு இரும்புக் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருக்கும் திராட்சைப் பந்தல், ஆண்டெனாவின் கண்ணுக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் போட்ட இரண்டாவது தரை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சைக்கு அது பந்தல், 40 மீட்டர் டைபோலுக்கு அது உலோகத் தகடு மாதிரி. தரையிலிருந்து 6 மீட்டரில் கட்டிய டைபோல், பந்தலிலிருந்து 4 மீட்டரில்தான் இருக்கிறது, அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு. நன்றாகக் கடத்தும் தரைக்கு அவ்வளவு அருகே வந்தால் டைபோலின் தடை 70 ஓமிலிருந்து இருபது முப்பதுக்கு இறங்கிவிடும். அப்போது ஒத்ததிர்விலேயே எஸ்டபிள்யூஆர் 2 காட்டும். இங்கேதான் கத்தரிக்கோல் வெளியே வருகிறது. வெட்டினால் குறைந்தபட்சப் புள்ளி 7.1இலிருந்து 7.2க்கு நகரும், அங்கேயும் 2தான். நீளத்தில் கோளாறே இல்லை. எஸ்டபிள்யூஆர் என்ற ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, தடையையும் (R) எதிர்வினைப்பையும் (X) தனித்தனியாகப் பாருங்கள். எதிர்வினைப்பு பூச்சியம், தடை 25 என்றால் கம்பி சரியான நீளத்தில் இருக்கிறது. அந்த 2ஐ அப்படியே விட்டாலும் கேட்பவர் காதுக்கு வித்தியாசம் தெரியாது. 7 மெகாஹெர்ட்ஸில் கேபிள் நட்டம் குறைவு என்பதால் திரும்பி வந்த நூற்றுக்குப் பதினொன்றும் பெரும்பாலும் மீண்டும் மேலே போய்விடுகிறது. வால்டர் மேக்ஸ்வெல் 1970களில் க்யூஎஸ்டி இதழில் தொடராக எழுதி விளக்கிய விஷயம் இது. ஐம்பது வருடம் ஆகியும் நம் காலை அரட்டைக்கு வந்து சேரவில்லை. கவாத்து வெட்டியபின் ஓர் எண், இலை அடர்ந்து ஈரமாக இருக்கும்போது வேறோர் எண் வந்தாலும் அதிர்ச்சி அடையாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்று, செங்குத்து ஆண்டெனாவில். கால் அலைநீளக் கம்பி, 40 மீட்டருக்கு 10 மீட்டர், குறையில்லாத தரைமேல் 36 ஓம் காட்ட வேண்டும். எஸ்டபிள்யூஆர் ஏறத்தாழ 1.4. நம் வறண்ட செம்மண்ணில் நாலே ரேடியல் போட்டுவிட்டு 1.0 வந்தது என்று துள்ளுகிறோம். மீதி 14 ஓம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து. கொடுக்கிற சக்தியில் நூற்றுக்கு 28 பங்கு மண்புழுவுக்கு வெப்பம் தருகிறது. இன்னும் பதினாறு ரேடியலைப் பரப்பினால் ஆண்டெனா முன்னேறும், எஸ்டபிள்யூஆர் கெடும். எண் கெட்டால் சந்தோஷப்பட வேண்டிய ஆண்டெனாவும் உண்டு என்பது எத்தனை பேருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது! பட்டை முழுவதும், ஏன் 6இலிருந்து 9 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் 1.5க்குள் படுத்துக் கிடக்கும் ஒற்றைக் கம்பி ஆண்டெனாவையும் நம்பாதீர்கள். எங்கோ ஏதோ தின்றுகொண்டிருக்கிறது.

வடுகபட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு ஞாபகம் வரும். ஒன்று வைரமுத்து, மற்றது பூண்டு. எங்கள் பூண்டுச் சந்தையில் தராசின் பாசங்கு பார்க்காமல் யாரும் மூட்டையை ஏற்ற விடமாட்டார்கள். வெறுந்தட்டு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது சண்டைக்கான காரணம் இல்லை, வழக்கம். நாம் மட்டும் மீட்டரின் பாசங்கைப் பார்ப்பதில்லை. மலிவான எஸ்டபிள்யூஆர் மீட்டரின் திசை பிரிக்கும் திறன் 20 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், உண்மையில் 1.5 ஆக இருப்பது அதில் 1.2 என்றும் தெரியலாம், 1.9 என்றும் தெரியலாம். உண்மையில் 1.2 ஆக இருப்பது 1.0 என்று தெரியலாம். உங்கள் பெருமையும் என் பெருமையும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். சிபி பட்டைக்காகச் செய்த மீட்டரை 2 மீட்டரில் மாட்டினால் நிலைமை இன்னும் கேவலம். ஒரு வாட், அரை வாட்டில் அளந்தால் மீட்டருக்குள் இருக்கும் டயோடு விழித்துக்கொள்ளவே மின்னழுத்தம் போதாது. திரும்பி வரும் சிறு அலை அதன் வாசலைத் தாண்டாது, முள் பூச்சியத்தில் படுத்திருக்கும். அதையும் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதிக்கொள்கிறோம்.

நானோ விஎன்ஏ வந்தபிறகு இதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறவர்களுக்கு: ஜப்பானிய ஹாம் ஒருவரின் வடிவமைப்பில் பிறந்த அந்தச் சின்னப் பெட்டி, கொடுத்த காசுக்கு அதிசயமான கருவி. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து, யாரோ 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை செய்துவைத்த அளவுத்திருத்தத்தோடு 7.1ஐப் பார்ப்பது வீண். அதன் முதல் வடிவத்தில் மொத்தம் 101 புள்ளிகள். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே 9 மெகாஹெர்ட்ஸ். நமக்கு அனுமதித்த 40 மீட்டர் பட்டையே 7.0இலிருந்து 7.2 வரை, 200 கிலோஹெர்ட்ஸ்தான். நடுவில் உள்ளதைக் கருவி ஊகித்து வரைகிறது. பட்டையைக் குறுக்கி வைத்து, கேபிளின் மறுமுனையில் ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றையும் மாட்டித் திருத்துங்கள். அப்போதுதான் கேபிளைக் கழித்துவிட்டு ஆண்டெனாவைப் பார்க்கிறீர்கள். அடாப்டரைத் திருத்தத்துக்குப் பிறகு கூட்டினால், மறுபடி திருத்துங்கள். சலிப்பான வேலைதான்.

சலிப்புத் தட்டும்போது பொட்டிப்புரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகம் என்று பேச்சு எழுந்த நாளிலிருந்து அந்தச் சொல் நம் டீக்கடைகளுக்குப் பழக்கம். ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் இந்த மடல் போகாது, அந்தத் துகள் தந்த ஒரு பாடம் மட்டும் போதும். 2011 செப்டம்பரில் ஐரோப்பாவில் ஓபெரா குழுவினர், ஜெனீவாவிலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோ ஒளியைவிட 60 நானோவினாடி முந்தி வந்ததாக அறிவித்தார்கள். ஐன்ஸ்டைனே தோற்றாரோ என்று உலகம் பரபரத்தது. சில மாதம் கழித்து முக்கியக் காரணம் தெரிந்தது. ஓர் ஒளியிழைக் கேபிளின் இணைப்பு முழுதாகத் திருகப்படவில்லை. அவர்களை மெச்ச வேண்டும். விந்தையான எண் வந்தபோது, அதை வைத்துக் கொண்டாடாமல், எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லி உலகத்தையே கேட்டார்கள். இணைப்பைச் சரியாகத் திருகுவது அறிவாளிகளுக்கும் சிரமம் என்றால், மொட்டைமாடி வெயிலில் ஸோல்டர் செய்கிற நமக்கு அதைச் சரிபார்ப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

எல்லாம் அளந்து முடித்தபின், ஆண்டெனா எப்படி என்பதைக் காற்றுதான் சொல்ல வேண்டும். அதிலும் கவனம் தேவை. "59" கொடுத்துப் பழகிய நாக்கு நமக்கு. எச்எஃப்பில் எஸ்9 என்றால் 50 மைக்ரோவோல்ட், ஒவ்வோர் எஸ் அலகுக்கும் 6 டெசிபெல் என்று விதி இருக்கிறது. ரிக்குகளின் எஸ் மீட்டர் அந்த விதியைப் பொருட்படுத்துவதில்லை. ஓர் எஸ் அலகு முன்னேறக் கொடுக்கும் சக்தியை நாலு மடங்காக்க வேண்டும். "புது ஆண்டெனாவில் ரெண்டு எஸ் கூடுது" என்று ஒரே ஒரு க்யூஎஸ்ஓவை வைத்துச் சொல்லும்போது பதினாறு மடங்கு சொல்கிறோம் என்று உணர்கிறோமா? நாம் இருப்பதோ காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகே. அந்தக் கோடு தமிழகத்தின் தென்கோடிப் பக்கமாகத்தான் போகிறது. 1899இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகம் சூரியனோடு காந்தப்புலத்தையும் அயனி மண்டலத்தையும் இத்தனை காலம் கண்காணித்ததற்கு அந்த இருப்பிடமும் ஒரு காரணம். பொழுது சாய்ந்தபின் நம் தலைக்கு மேலே அயனி மண்டலம் கொந்தளிக்கிறது. காலையில் பழைய ஆண்டெனா, இரவில் புது ஆண்டெனா என்று ஒப்பிட்டால், ஒப்பிட்டது சூரியனைத்தான். இரண்டையும் மாடியில் வைத்து, ஸ்விட்ச் போட்டு, ஒரே க்யூஎஸ்ஓவுக்குள் பலமுறை மாற்றி மாற்றிக் கேளுங்கள். அல்லது, இயற்பியலில் நோபல் வாங்கிய ஜோ டெய்லர் 2008இல் நமக்குக் கொடுத்த விஸ்பரை ஓட்டுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, உலகம் முழுக்க உள்ள ரிசீவர்கள் டெசிபெல் கணக்கில் உங்கள் அலையை எழுதிவைக்கும். ஒரு வாரம் ஓட்டினால் அரட்டைக்கு வேலையே இருக்காது. ஒரு விஷயம் மட்டும். சென்னையும் மதுரையும்தான் உங்கள் குறி என்றால், தாழக் கட்டிய டைபோல் மேலே அனுப்பித் தலைகீழாக இறக்கும் அலையே மலை தாண்ட நல்லது. விஸ்பரில் ஆஸ்திரேலியா கேட்கவில்லை என்று அதை அவிழ்த்துவிடாதீர்கள்.

இவ்வளவும் பொழுதுபோக்குதானே என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத், வியூ2ஆர்பிஐ, தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமான் போர்ட் பிளேரில் இருந்தது. மாதத் தொடக்கத்திலிருந்தே உலகத்தோடு ஆயிரக்கணக்கில் பேசிக் குறித்துவைத்திருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசி எல்லாம் அறுந்தபோது, அந்த ஆண்டெனா எங்கே கேட்கும், எப்போது கேட்கும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆளுக்கு ஆள் சேதி சேர்க்க முடிந்தது. தீவில் இருந்ததும் கம்பிதான், நம் மாடியில் இருப்பதும் கம்பிதான். கேரள எல்லைவரை மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு நம்முடையது. மண் சரிந்து செல்போன் கோபுரங்கள் ஊமையாகிற ஒரு நாளில், "எஸ்டபிள்யூஆர் நல்லா இருந்துச்சே" என்று கலெக்டர் அலுவலகத்தில் போய்ச் சொல்ல முடியாது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். இனி நம் காலை நெட்டில் யாராவது ஆண்டெனா எண் சொன்னால் கூடவே மூன்றையும் சொல்லட்டும்: எங்கே வைத்து அளந்தது, நடுவில் என்ன கேபிள் எவ்வளவு நீளம், மறுமுனையைத் திறந்துவிட்டபோது எவ்வளவு காட்டியது. சொல்லாதவரை நெட் கண்ட்ரோலர் கேட்கட்டும். கூச்சப்பட வேண்டாம், என்னையும் கேளுங்கள். "1.8, ஆனால் பாலன் இருக்கு, பேட்டரியில் அளந்தது, கேபிள் ஒரு டெசிபெல்" என்று ஒருவர் சொன்னால், 1.0 சொன்னவரைவிட அவருக்கு முதல் வாழ்த்து.

டம்மி லோடு இல்லாதவர்களுக்கு: என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, எண்ணெயில் முக்கியது, நூறு வாட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும். நெட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அதோடு ஒரு கைப்பிடி ஃபெரைட் வளையங்களும் எடுத்து வைத்திருக்கிறேன், ஆளுக்கு இரண்டு. லோடை மட்டும் பதினைந்து நாளில் திருப்பிக் கொடுங்கள், போடியிலிருந்து இருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள்.

73,
வடுகபட்டியிலிருந்து உங்கள் சக ஹாம்